வெதுருகுப்பத்துக்குப் பாதி போட்டேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா எஸ்தரின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேரை மத்தியானம் இரண்டு மணிக்கு வெறும் இலைக்கு முன்னால் உட்கார வைத்தவன் நான்தான். பிரியாணி மாஸ்டர் மேல் தப்பில்லை, பாஸ்டர் ஐயா மேல் தப்பில்லை, எங்கள் நைனா மேல் துளியும் தப்பில்லை. திருப்பதியில் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த, முளைப்பதா வேண்டாமா என்று மீசையே இன்னும் முடிவு செய்யாத ஒரு பயல், நிகழ்தகவு என்ற பாடத்தைப் பாதி படித்துவிட்டுச் செய்த காரியம் அது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அறுபது பேரைப் பட்டினி போட்டதால் அரைப் புள்ளியியல்காரன்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் வீடு சித்தூரில் மிஷன் காம்பவுண்டை ஒட்டிய தெருவில் இருந்தது. நைனா தாலுகா ஆபீஸில் கிளார்க். அக்கா ஆரம்பப் பள்ளி டீச்சர். அம்மாவுக்கு எந்த ஆபீஸும் கிடையாது, ஆனால் எல்லோரும் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தோம். சீட்டுக்கட்டும் பகடையும் வாசல்படி தாண்டாத வீடு. சிலுவைக்குக் கீழே ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்ட சேவகர்கள் கதை எங்களுக்குப் பால்குடி மறப்பதற்கு முன்பே தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு லீவு நாளில் என் ஸ்டாடிஸ்டிக்ஸ் நோட்டை அம்மா திறந்துவிட்டார். முதல் பக்கத்தில் நாணயம் சுண்டுகிறார்கள். அடுத்த பக்கத்தில் இரண்டு பகடை உருள்கின்றன. அதற்கடுத்த பக்கத்தில் ஐம்பத்திரண்டு சீட்டு, அதில் ராஜா வர எத்தனை வாய்ப்பு, ராணி வர எத்தனை வாய்ப்பு. (ஆர்வக்கோளாறில் ராணியின் படத்தை வேறு வரைந்து வைத்திருந்தேன்.)

"இன்னாடா இது? காலேஜுக்குப் போய்க்கினு இதைத்தான் கத்துக்கினு கீறியா?"

"பாடம்மா அது. பிராபபிலிட்டி."

"சூதாட்டத்துக்குப் பாடம் வேறயா?"

"பரீட்சைக்கு வருதாம், உடு" என்றார் நைனா. அம்மா விட்டார். ஆனால் அன்றைய குடும்ப ஜெபத்தில் என் பெயரும் பகடையும் ஒரே மூச்சில் வந்தன.

எங்கள் லெக்சரர் தெலுங்குக்காரர். சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே பேசுவார். நடக்கவே நடக்காது என்றால் பூஜ்யம், நடந்தே தீரும் என்றால் ஒன்று, மற்ற உலக விவகாரமெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என்று அவர் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. ஒன்று நடந்தால் மற்றது நடக்க முடியாது என்றால், வாய்ப்புகளைக் கூட்ட வேண்டும். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை என்றால், பெருக்க வேண்டும். எனக்குக் கூட்டலும் பெருக்கலும் நன்றாக மனதில் பதிந்துவிட்டன. அந்த 'என்றால்'கள்தான் பதியவில்லை.

படித்ததோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சோறு மிஞ்சி வீணாகிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஐந்து ஞாயிறு எண்ணிப் பார்த்து, நூறு பேரில் எழுபத்தைந்து பேர் வருவார்கள், அதாவது முக்கால் என்று கணக்குச் சொன்னேன். அடுத்த ஞாயிறு எழுபத்தாறு பேர் வந்தார்கள். மெஸ் மேனேஜர் என் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தார். அந்த முட்டைதான் என் தலைக்குள் ஏறியது.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நாயுடுபேட்டை. ரொம்ப நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் பேசாததையெல்லாம் சேர்த்து அவருடைய அம்மா பேசுவார். பெண்கள் பள்ளி ஒன்றில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவர். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் தாமதமாக ஓடுகிறது என்று முதல் வார்த்தையாகச் சொன்னார். நைனா அன்று மாலையே அதை ரிப்பேருக்குக் கொடுத்தார். "எந்தக் கொறையும் வெக்கக் கூடாது. நாளைக்கு அந்த ஊட்ல இவ தல நிமிந்து நிக்கணும்" என்று கல்யாணம் முடியும் வரை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பார்.

நைனாவுக்கு ஒரே ஒரு பயம், சாப்பாடு மிஞ்சிப் போவது. அதற்கு முந்தின வருஷம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு தேக்சா பிரியாணி மிஞ்சி, தெருத்தெருவாகக் கூப்பிட்டுக் கொடுத்தும் தீராமல், குழி வெட்டி மூடினார்கள். கோடையில் தோட்டக் கூலிக்குப் போய்க் கேழ்வரகுக் கூழ் குடித்து வளர்ந்த மனிதர் நைனா. அந்தக் குழியை அவரால் மறக்க முடியவில்லை.

"எத்தினி பேரு வருவாங்கன்னு தெரிஞ்சா தேவல" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நைனா, அதை நான் சொல்றேன்."

பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாயுடுபேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர். மாப்பிள்ளையே அவர்கள் கையில் இருப்பதால் நடந்தே தீரும் நிகழ்ச்சி, வாய்ப்பு ஒன்று. சித்தூர் சபையார் நூற்றிருபது பேர். மே மாதம், பள்ளிக்கூடம் லீவு, கொஞ்சம் பேர் வெளியூர் போயிருப்பார்கள், ஆகவே முக்கால். (அந்த முக்கால் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து வந்தது.) கடைசியாக வெதுருகுப்பம், எண்பது பேர்.

வெதுருகுப்பம் நைனா பிறந்த ஊர். சொந்தக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். கொஞ்சம் பேருக்குச் சொந்தமாக ஓர் ஏக்கரா, இரண்டு ஏக்கரா. மற்றவர்களுக்குக் கூலி வேலை. அவர்கள் வரலாம், வராமலும் போகலாம். இரண்டே விளைவு. நாணயம் மாதிரி. ஆகவே பாதி என்று போட்டேன். (வானம் நாளைக்கு இடிந்து விழலாம், விழாமலும் போகலாம், அதற்கும் பாதி போடுவாயா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.)

அதோடு நிறுத்தவில்லை. எண்பது பேரும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நைனா கேட்டார். அரையை எண்பது தடவை பெருக்கிக் காட்டினேன். புள்ளிக்கு அப்புறம் இருபத்துநாலு பூஜ்யம், அதற்கப்புறம்தான் ஓர் எட்டு.

"இத்தினி பூஜ்யமா" என்று நைனா மரியாதையோடு நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கர்த்தருக்குச் சித்தமானா எல்லாருந்தான் வருவாங்க" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

"அம்மா, இருபத்துநாலு பூஜ்யம் அவருக்கே கஷ்டம்" என்றேன். கரண்டி பறந்து வந்தது. குனிந்துகொண்டேன்.

அறுபது, தொண்ணூறு, நாற்பது. ஆக நூற்றுத் தொண்ணூறு. பெரிய மனது பண்ணிப் பத்து சேர்த்து, பிரியாணி மாஸ்டர் பாயிடம் இருநூறு என்று சொன்னேன். வேலூரில் நூறு கல்யாணம் பார்த்த மனிதர் அவர்.

"தம்பி, முந்நூறாவே போட்டுடலாமே. கல்யாண வேலை."

"இல்ல பாய். இது கணக்கு."

"கணக்குன்னா சரி" என்று போய்விட்டார்.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்குக் கோயிலில் ஆராதனை. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் காம்பவுண்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மண்டிக்கு மாங்காய் ஏற்றி வரும் லாரி. அன்று மாங்காய்க் கூடைகளுக்கு நடுவில் ஜனங்கள் நின்றுகொண்டு வந்தார்கள். முதலில் வெதுருகுப்பம் சபையை நடத்தும் உபதேசியார் இறங்கினார், கையில் கால் கட்டிய ஒரு கோழியோடு. அப்புறம் அவர் சம்சாரம். அப்புறம் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். புள்ளிக்கு அப்புறம் இருபத்துநாலு பூஜ்யம் போட்ட நிகழ்ச்சி, என் கண் முன்னால், டயரில் கால் வைத்துக் கீழே குதித்துக்கொண்டிருந்தது. எண்பது பேருக்கு மேல் இடுப்பில் வேறு குழந்தைகள். அவர்களை நான் பட்டியலிலேயே சேர்த்திருக்கவில்லை.

நைனாவின் தம்பி சம்சாரம் ராகேல் சித்தியைப் பிடித்தேன். "இன்னா சித்தி, எல்லாரும் வந்துட்டீங்க?"

"பின்ன? பாதிப் பேரு எப்பிடிடா வர்றது?" என்றார் சித்தி. "ஞாயித்துக்கெழம ஆராதன முடிச்சி உபதேசியாரு கேப்பாரு, போலாமா வாணாமான்னு. போலாம்னா எல்லாந்தான் போவோம். வாணாம்னா ஒருத்தருங்கூட போவமாட்டோம். நாலு பேரு போயி நாலு பேரு போவாத இருந்தா, ஊருக்குள்ள சண்டைன்னு அர்த்தம்."

அப்போதுதான் என் தப்பு எனக்கு விளங்கியது. நான் எண்பது நாணயத்தைத் தனித்தனியாகச் சுண்டி வைத்திருந்தேன். வெதுருகுப்பத்தில் இருந்ததோ ஒரே ஒரு நாணயம். எண்பது பேரும் அதன் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தூர் சபையாரும் நூற்றிருபதுக்கு நூற்றிருபது வந்து சேர்ந்தார்கள். டீச்சரம்மா கல்யாணமாம், லீவுக்கு வெளியூர் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நாயுடுபேட்டையார் அத்தனை பேரும் குரூப் போட்டோ எடுக்கப் பஜாரில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அரை மணியில் வந்துவிடுவதாகச் சொன்னார்கள். (அறுபது பேரை ஒரே பிரேமில் அடக்க எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கை யாரும் போடவில்லை. நல்லவேளை, என்னைக் கேட்கவில்லை.) வெதுருகுப்பத்தார் விடியாத நேரத்தில் கிளம்பியவர்கள். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. முதல் பந்திக்கு அவர்களை உட்கார வைக்கச் சொன்னார் பாஸ்டர் ஐயா. இரண்டாவது பந்தி சித்தூர் சபை. விடியலில் லாரி ஏறிய மனிதன் எத்தனை கரண்டி சாப்பிடுவான் என்பதும் என் பாடத்தில் இல்லை.

இரண்டு மணிக்கு நாயுடுபேட்டையார் வந்தார்கள். வரிசையாக இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உட்கார்ந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் நடு வரிசையில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. பாய் என்னைச் சாடை காட்டிப் பின்பக்கம் கூப்பிட்டார். தேக்சாவுக்குள் கரண்டியை விட்டார். அடி தட்டியது.

"தம்பி, உன் கணக்கு கரெக்ட். இருநூறுன்னே, இருநூறு ஆச்சு. இப்ப குந்திக்கினு இருக்கிறவங்க யாரு கணக்கு?"

பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அக்கா வெள்ளைப் புடவையில், தலையில் வலை முக்காட்டோடு, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது. நைனாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. கையில் பிடித்திருந்த தண்ணீர்ச் சொம்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

நான் வீரன் செய்வதைச் செய்தேன். விறகு அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

ராகேல் சித்தி வெற்றிலை எச்சில் துப்ப அந்தப் பக்கம் வந்தார். "இன்னா கண்ணு, இங்க குந்திக்கினு கீற?"

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் பிராபபிலிட்டி என்ற வார்த்தை சரியாக வரவில்லை. சித்தி கேட்டுவிட்டு, "தோ பார்டா, சோத்துக்கா அழுவாங்க?" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு குரல் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் ஊர் வழக்கம், கல்யாணப் பெண்ணுக்கு வீட்டுக்கு ஒரு கோழி கொண்டுவருவது. லாரிக்கு அடியில் இருபத்திரண்டு நாட்டுக்கோழி கால் கட்டிக் கிடந்தது. கேழ்வரகு மாவு ஒரு மூட்டை. பாயும் எங்களை விட்டுப் போக மனமில்லாமல் அடுப்பைத் தள்ளிக் கொடுத்துத் தானே கோழி உரிக்க உட்கார்ந்தார். என்னை வெங்காயம் உரிக்க வைத்தார்கள். அன்று என் தகுதிக்கு அதுவே அதிகம்.

இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டுமே. முதலில் லாரிக் கூடைகளில் பழுத்திருந்த மாம்பழத்தைப் பொறுக்கித் தண்ணீர் வாளியில் போட்டு எடுத்து இலைக்கு ரெண்டு வைத்தோம். அப்புறம் உபதேசியார் எழுந்து, சம்பந்தி வீட்டாரைக் கனப்படுத்த வெதுருகுப்பம் சபை விசேஷப் பாடல் பாடும் என்று அறிவித்தார். ஒன்று பாடினார்கள். ரெண்டு பாடினார்கள். கஞ்சிராவோடு ஒன்பது கீர்த்தனை பாடினார்கள். ஆறாவதிலேயே நாயுடுபேட்டையார் சுருதி இறங்கிவிட்டது. ஒன்பதாவது பாட்டுக்கு ஆமென் சொன்னது பக்தியில் இல்லை, பசியில்.

கடைசியில் களி வந்தது. கையளவு உருண்டை, நடுவில் குழி, அதில் நாட்டுக்கோழிக் குழம்பு. கல்யாணப் பந்தியில் களி பரிமாறி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் இலையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். நைனா சொம்போடு சேர்த்துக் கை கூப்பி நின்றார். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மாள் ஒரு விள்ளல் எடுத்தார். குழம்பில் தோய்த்தார். மெல்லாமல் விழுங்கினார். (களியை மெல்லக் கூடாது, தெரிந்தவர்கள் விழுங்குவார்கள்.) பிறகு இன்னொன்று. அப்புறம் தலை நிமிராமலே சொன்னார், "இங்கொக முத்த வெய்யம்மா." இன்னோர் உருண்டை வை என்கிறார்.

"இதை யாரு கிண்டினது?" என்று கேட்டார் இரண்டாவதும் முடிந்த பிறகு.

சித்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நாந்தாம்மா."

"கட்டியே இல்ல. எங்கம்மா பண்ண மாதிரி இருக்குது. எங்க ஊட்ல களின்னாலே பெரிய மருமவளுங்க மூஞ்ச சுளிக்கிறாங்க." அக்கா பக்கம் திரும்பினார். "நீ கிண்டுவியா?"

"அத்தே, சித்திதான் எனக்கும் கத்துக் குடுத்தாங்க" என்றாள் அக்கா.

"அப்ப சரி" என்றார் அம்மாள். நாயுடுபேட்டை வீட்டில் எங்கள் அக்காவின் இடம் அந்த இரண்டு வார்த்தையில் முடிவானது. நைனா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திருப்பதிக்குத் திரும்பிய பிறகு (ஸ்ட்ரைக்கால் எங்கள் காலேஜுக்கு அந்த வருஷம் லீவு தள்ளிப் போயிருந்தது), கல்யாண வேலை என்று நான் மட்டம் போட்ட நாட்களின் நோட்ஸை நண்பனிடம் வாங்கிக் காப்பி எடுத்தேன். மட்டம் போட்ட முதல் நாளே லெக்சரர் நடத்தியிருந்த பாடம், ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகள். உதாரணத்துக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டைச் சொல்லியிருந்தார். எதிரே வரும் ஆள் மொட்டையாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? சரி, வருகிற அப்பா மொட்டை என்று தெரிந்துவிட்டது. இப்போது அவர் கையைப் பிடித்து வரும் பையன் மொட்டையாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை, ஐந்து தலையும் சந்தனம் பூசிக்கொண்டு வரிசையாக வந்தன. ஒரே நேர்த்திக்கடன், ஐந்து தலை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த வருஷம் ஸ்டாடிஸ்டிக்ஸில் நல்ல மார்க் வாங்கினேன், அது வேறு விஷயம்.

இத்தோடு முடிந்தது என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நாயுடுபேட்டையில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது (களிதான்), மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். "அக்கா, அந்தப் பாதி கணக்கே இல்லக்கா. மாப்ள ஊட்டுக்காரங்க முன்னால நம்ம ஊர்க்காரங்க லாரியில வந்து எறங்கி, துன்னியா துன்னியான்னு கேட்டுக்கினு நின்னா நம்ம மானம் போயிடும்னு நெனச்சேன். வராம இருந்தா தேவலன்னுதான் பாதி போட்டேன்."

சொல்லும்போது எனக்கே கூசியது. நான் அழுதபோது என்னைத் தேடி வந்தது அந்த மனிதர்கள்தான்.

அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே, "தெரியுண்டா" என்றாள். "நோட்டுல நம்ம ஊருக்கு நேரா பாதின்னு எழுதி இருந்ததப் பாத்தேன். அன்னைக்கே உபதேசியாருக்குக் கடுதாசி போட்டுட்டேன். எண்பது பேருல ஒருத்தரு கொறஞ்சாலும் நான் கோயிலுக்குள்ள கால் வெக்கமாட்டேன்னு."

எடுத்த விள்ளலைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இருபத்துநாலு பூஜ்யமும் இல்லை, ஒரே நாணயமும் இல்லை. அக்கா ஒரு தபால் கார்டு போட்டு அதை நடந்தே தீரும் நிகழ்ச்சியாக மாற்றி வைத்திருந்தாள்.

"அப்ப பாயிகிட்ட முந்நூறுக்குப் போடச் சொல்லி இருக்கலாமேக்கா?"

"நீ எழுதினது ஆசைன்னு நெனச்சேன்டா. அதான் சோத்துக் கணக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் வெதுருகுப்பத்துக்குக் கடிதம் எழுதுவது அக்கா. ஸ்டாம்ப் ஒட்டும் வேலை மட்டும் எனக்கு. காமர்ஸ் லெக்சரராகி ரிட்டையரும் ஆன பிறகும் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. நான் ஒட்டிக் கொடுத்ததும், நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று அக்கா கட்டை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தபால் பெட்டியில் போடுவாள்.